விண்டேஜ் வாகனப் பதிவு: ஒரு லாம்பிரெட்டாவுக்குப் பொருந்தியது, ஒரு ஹெரால்டுக்குப் பொருந்தாதது

எங்கள் வீட்டில் இரண்டு பழைய வாகனங்கள் இருக்கின்றன. ஒன்று, 1966-ல் முதன்முதலாகப் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இன்னொன்று, 1968-ல் பதிவான லாம்பிரெட்டா எல்.ஐ. 150 ஸ்கூட்டர். கார் தாத்தா வாங்கியது. வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் உருவானது. ஸ்கூட்டர் அப்பா தன் முதல் வேலையின் சேமிப்பில் வாங்கியது, பம்பாயில் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) நிறுவனம் தயாரித்தது. ஸ்கூட்டரின் பதிவுக் காலம் 2023-ல் முடிந்தபோது அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு காரின் முறை வந்தபோது, நன்றாக யோசித்த பிறகு, விண்டேஜ் வேண்டாம் என்று வழக்கமான முறையிலேயே பதிவைப் புதுப்பித்துக்கொண்டேன். இரண்டு வழியிலும் போய்வந்தவன் என்ற முறையில், பழைய வண்டி வைத்திருக்கும் பிறருக்கு உதவும் என்று நம்பி இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம்தான் விண்டேஜ் என்ற தனி வகையை நாடு முழுவதற்குமாக முதன்முதலில் உருவாக்கியது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இந்த வகைக்குள் வரும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவையும் இதில் அடங்கும். வயது மட்டும் போதாது. வண்டி அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய அளவிலான மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. விண்ணப்பம் படிவம் 20-ல் கொடுக்கப்பட வேண்டும். அதனுடன் காப்பீட்டுப் பத்திரம், கட்டணம், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டியென்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியென்றால் சுங்கத்துறையில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி ஆகியவற்றை இணைக்க வேண்டும். மாநில அளவிலான குழு வண்டியைப் பார்த்துத் தகுதியானது என்று சொன்னால், 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-வில் பதிவுச் சான்று வந்துவிட வேண்டும். அந்தச் சான்று 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இந்த விதியில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி எண்ணைப் பற்றியது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளும், பிறகு இரண்டெழுத்து வரிசையும், நான்கு இலக்க எண்ணும் வரும். தமிழ்நாட்டில் என்றால் 'டி.என். வி.ஏ.' என்று தொடங்கும். ஆனால் ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். எங்கள் ஸ்கூட்டர் அதற்கு முந்தைய ஆண்டு பதிவானது. அதன் எண் 'எம்.எஸ்.' என்று தொடங்குகிறது. அந்த எழுத்துகள் பலகையில் இருக்கும்வரைதான் அது அப்பாவின் ஸ்கூட்டர். அவை போய்விட்டால் நன்றாகப் பெயின்ட் அடித்த ஏதோ ஒரு ஸ்கூட்டர். இதை விதி எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விண்டேஜ் பக்கம் நான் ஏன் திரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை தொடங்கப்பட்டதிலிருந்து, 15 ஆண்டு கடந்த வண்டியை எல்லாம் பிடித்து நசுக்கிவிடுவார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. டெல்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய நீதிமன்ற உத்தரவுகளைச் செய்தியில் பார்த்த உறவினர்கள், "உங்க ஸ்கூட்டரை இனிமே வெளிய எடுக்க முடியாதாமே" என்று விசாரித்தார்கள். உண்மை அதுவல்ல. டெல்லி வட்டாரத்துக்கு வெளியே, தகுதியோடு இருக்கும் சொந்த வாகனத்தின் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சட்டம் இன்றும் அதை அனுமதிக்கிறது. ஆனாலும் பழைய வண்டியைக் காப்பாற்றுவதே தன் நோக்கம் என்று சொல்லும் ஒரு விதியின் நிழலில் அந்த ஸ்கூட்டரை நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அப்பா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்கூட்டர் மாதத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்யப்பட்டு, தெருமுனைவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுவதற்கு என்பதைவிடக் காப்பதற்கு என்றே இருந்த வண்டி அது.

விண்ணப்பிக்கும் வேலையில் முதல் தடை காப்பீட்டில் வந்தது. நான் போன காப்பீட்டு அலுவலகத்தின் கணினி தயாரிப்பு ஆண்டுக்கு 1968 என்ற எண்ணை ஏற்க மறுத்தது. அங்கிருந்த பெண் பொறுமையாக மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எட்டு நாள் கழித்து மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்துக் கொடுத்தார். வண்டியின் சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு வேண்டுமென்றால் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இதில் வருத்தப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதியில் விண்டேஜ் கார் என்ற சொல் நெடுநாளாகவே இருக்கிறது. ஆனால் அங்கே அது 1940-ம் ஆண்டு முடிவதற்குள் தயாரான, பழைய கார் சங்கத்தின் சான்று பெற்ற கார்களை மட்டுமே குறிக்கிறது. ஒரே சொல்லுக்குப் பதிவுத் துறையில் ஒரு பொருள், காப்பீட்டுத் துறையில் வேறொரு பொருள். பழைய கார் ஆர்வலர்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒரு பொருள் சொல்வார்கள்: அவர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை உருவானவையே விண்டேஜ், எங்கள் ஹெரால்டு அவர்களுக்கு வெறும் கிளாசிக்.

ஆய்வு நாள் மட்டும் இந்த முழு அனுபவத்திலும் மறக்க முடியாததாக அமைந்தது. ஸ்கூட்டரை ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நிறுத்தினோம். எங்கள் பழைய மெக்கானிக்கும் கூட வந்திருந்தார். வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். ஸ்கூட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ரெண்டு தனித்தனி சீட்டு, பின்னாடி ஸ்டெப்னி, எல்லாம் இருக்கே" என்றார். பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னார். வெஸ்பாவில் எஞ்சின் வலப்புறம் ஒதுங்கி இருக்கும். லாம்பிரெட்டாவில் வண்டியின் நடுவிலேயே சிலிண்டர் படுத்தவாறு இருக்கும். அதை அவர் தன்னோடு வந்த இளம் அலுவலருக்கு விளக்கிக்கொண்டே, சேஸிஸ் எண் இருந்த இடத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். கரிய திட்டுக்கு நடுவில் ஒவ்வோர் எண்ணாக வெள்ளையாக எழுந்து வந்தது. கடைசி இலக்கம் சரியாக விழவில்லை. இன்னொரு தாள் எடுத்து மறுபடியும் தேய்த்தார். பிறகு அதை அப்பாவின் துணி பைண்டிங் போட்ட ஆர்.சி. புத்தகத்தில் நீல மையில் எழுதியிருந்த எண்ணின் பக்கத்தில் பிடித்து, இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். எஞ்சின் எண்ணும் ஒத்துப்போனது. அந்தப் புத்தகத்தை மூடிக் கொடுக்கும்போது, இதை எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

இளம் அலுவலர் கேட்ட ஒரு கேள்வி விதியின் சரியான மையத்தைத் தொட்டது. எஞ்சின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது என்று கேட்டார். மெக்கானிக் உண்மையைச் சொன்னார்: இரண்டு முறை ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்று அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடப்பட்டிருக்கிறது, கிராங்க் ஒருமுறை லேத்தில் சரிசெய்யப்பட்டிருக்கிறது. அப்படியானால் இது அசல் எஞ்சினா, இல்லையா? மூத்தவர் சற்றும் யோசிக்காமல், எண் மாறவில்லை, கேஸிங் மாறவில்லை, ரீபோர் என்பது பராமரிப்பு, மாற்றம் அல்ல என்று முடிவு சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் அந்த நியாயம் அவருடைய அனுபவத்திலிருந்து வந்ததே தவிர விதியின் வாசகத்திலிருந்து வரவில்லை. பெரிய அளவிலான மாற்றம் என்றால் எது, தேய்மானத்துக்குச் செய்யும் பழுதுபார்ப்பு எதுவரை போகலாம் என்பதை விதி விரித்துச் சொல்லவில்லை. அன்று அந்த மைதானத்தில் லாம்பிரெட்டாவையே பார்த்திராத ஒருவர் தனியாக வந்திருந்தால் விண்ணப்பம் திரும்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. 60 நாள் என்று விதி சொல்கிறது. எனக்குச் சான்று கைக்கு வர 94 நாள் ஆனது. அதிலும் வண்டியின் நிறம் தவறாகப் பதிவாகியிருந்ததால், திருத்தத்துக்கு இன்னும் மூன்று வாரம். நடுவில் இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. யாரும் பணம் கேட்கவில்லை, யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த 94 நாட்கள் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. மாநிலம் ஒவ்வொன்றும் இந்த விண்ணப்பங்களைக் கவனிக்க ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது; விண்ணப்பதாரர் கையில் தரப்படும் ரசீதில் அவருடைய பதவியும் தொடர்பு எண்ணும் அச்சாகியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

இனிக் கட்டணத்துக்கு வருகிறேன். விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொருவரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய இடம் இது. விண்டேஜ் பதிவுக்கு முதல் முறை 20,000 ரூபாய். பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இதில் ஸ்கூட்டர், கார் என்ற பேதமே இல்லை. அரண்மனைக் கொட்டகையில் நிற்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் அதே 20,000, எங்கள் 148 சி.சி. ஸ்கூட்டருக்கும் அதே 20,000. வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டால்தான் யாருக்கு லாபம் என்பது விளங்கும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கு 5,000, பைக்குக்கு 1,000 என்று இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தால் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு மேலும் உயர்ந்துவிட்டது: இருசக்கர வாகனத்துக்கு 2,000, காருக்கு 10,000, இறக்குமதியான இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்கு 20,000, இறக்குமதிக் காருக்கு 80,000. இவையெல்லாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியவை.

அப்படியானால் இந்தியாவில் தயாரான ஒரு ஸ்கூட்டருக்கு அடுத்த பத்தாண்டில் வழக்கமான வழியில் 4,000 ரூபாய் ஆகும். விண்டேஜ் வழியில் 20,000. ஐந்து மடங்கு. இந்தியாவில் தயாரான காருக்கு முதல் பத்தாண்டில் இரண்டும் சமம், 20,000. இரண்டாவது பத்தாண்டிலிருந்து விண்டேஜ் வழி மலிவாகிறது. இறக்குமதிக் காருக்கோ வழக்கமான வழியில் பத்தாண்டுக்கு 1,60,000 ரூபாய், விண்டேஜ் வழியில் வெறும் 20,000. ஒரு பழைய மெர்சிடிஸோ மோரிஸோ இறக்குமதியாக வந்த வண்டியாக வீட்டில் இருந்தால், விண்டேஜ் பதிவு கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு. உள்ளூரில் தயாரான புல்லட், ராஜ்தூத், ஜாவா, லாம்பிரெட்டா வைத்திருக்கும் ஆசிரியருக்கும், தபால்காரருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டணம் நியாயமே இல்லை. இந்த நாட்டின் சாலை வரலாறு பெரும்பாலும் இருசக்கர வாகனங்களில்தான் ஓடியது. அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சாதாரண வருமானக்காரர்கள். இருசக்கர வாகனத்துக்கு 4,000 அல்லது 5,000 என்று தனிக் கட்டணம் வைத்திருந்தால் ஆயிரக்கணக்கான வண்டிகள் தாமாகவே முன்வந்து இந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி, பதிவான பிறகு வண்டியை வைத்து என்ன செய்யலாம் என்பது. விண்டேஜ் வாகனத்தை அன்றாட உபயோகத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் கார் பேரணி, அவற்றுக்குப் போய்வரும் பயணம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். அப்பாவின் ஸ்கூட்டருக்கு இது சரியாகவே இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க்குக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடமும் போகிறது, அவ்வளவுதான் அதன் உலகம். ஆனால் ஹெரால்டின் வாழ்க்கை அப்படிப்பட்டதல்ல. அம்மாவை ஒவ்வொரு கிருத்திகைக்கும் மருதமலைக்கு அழைத்துப்போவது அந்தக் கார்தான். நவீன கார்களில் குனிந்து ஏற அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஹெரால்டின் அகலமான கதவும் அந்த இருக்கையின் உயரமும் அவருக்குப் பழகியவை. தங்கையின் திருமணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்குப் போனதும் அதுவே. இவை எதுவும் பேரணி அல்ல, கண்காட்சியும் அல்ல. விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால் கிருத்திகை நாளில் அந்தக் காரை எடுப்பது விதிமீறல் ஆகிவிடும். விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணமாகக் காட்டலாம் என்ற பயம் எனக்கு உண்டு. சட்டம் எனக்குத் தரும் ஒரு கௌரவத்துக்காக அம்மாவை வாடகைக் காரில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஹெரால்டை விண்டேஜ் ஆக்காததற்கு இரண்டாவது காரணமும் உண்டு. அது அந்தக் காரின் எஞ்சின். 1983-ல் அசல் 948 சி.சி. எஞ்சினின் பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டது. புதிதாக வாங்க அப்போது வழியில்லை. தாத்தா சென்னைக்குப் போய், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று நாள் தங்கித் தேடி, பிரித்துப் போடப்பட்ட இன்னொரு ஹெரால்டின் எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதே நிறுவனம், அதே மாடல், அதே கொள்ளளவு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண்ணை முறையாகப் பதிவும் செய்துவிட்டார். அந்தப் பதிவு இன்றும் சிவப்பு மையில் முத்திரையோடு இருக்கிறது. நேர்மையாக நடந்த மாற்றம். ஆனால் விதியின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், எஞ்சின் மாறிய கார் தன் அசல் வடிவில் இருப்பதாகக் குழு ஏற்குமா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இது எங்கள் ஒரு காரின் கதை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் நாட்டில் 50 ஆண்டு கடந்தும் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில், லேத் பட்டறைக்காரர்களும் டிங்கர்களும் தம் கைத்திறனால் இவற்றை ஓட வைத்தார்கள். பழைய ப்ளைமவுத், டாட்ஜ் கார்களுக்கு டீசல் எஞ்சின் பொருத்தி வாடகைக்கு ஓட்டியவர்கள் உண்டு. அம்பாசடர்களில் எத்தனையோ வண்டிகளுக்கு எஞ்சின் மாறியிருக்கிறது. ஹெரால்டின் முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அழகு அது. ஆனால் அந்தத் தகடு மழையில் அரித்துப் போனால் மாற்று கிடைப்பது அரிது. நல்ல கைகாரர் ஒருவர் தகட்டை வளைத்துத் தட்டி எடுத்தால்தான் உண்டு. அப்படித் தட்டி எடுத்த பானட்டை அசல் அல்ல என்று ஒதுக்குவது, இந்த நாட்டில் பழைய வாகனங்கள் எப்படிப் பிழைத்தன என்பதையே அறியாத அளவுகோல்.

இதே சிக்கலைப் பிற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வாகனத்துக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்று அங்கும் நிபந்தனை உண்டு. ஆனால் எது பெரிய மாற்றம் என்பதை விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாகம் தேய்ந்து, அதே வகைப் பாகத்தைப் போட்டால் அது மாற்றமாகக் கருதப்படாது. எஞ்சின் மாறினாலும் சிலிண்டர்களின் எண்ணிக்கை அசலில் இருந்ததாகவே இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. அந்த அளவுகோலில் எங்கள் ஹெரால்டு எந்தத் தயக்கமும் இல்லாமல் தேறிவிடும். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து, நல்ல நிலையில் காக்கப்பட்ட வண்டிக்கு எண்ணின் முடிவில் 'ஹெச்' என்ற எழுத்தைத் தருகிறார்கள். அதை வாங்கியவர் அந்த வண்டியை அன்றாடம் வேலைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். ஆண்டு வரி காருக்கு 191 யூரோ 73 சென்ட், மோட்டார் சைக்கிளுக்கு 46 யூரோ 2 சென்ட். இருசக்கர வாகனக்காரரை அங்கே தனியாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் விதி கேட்பது 50 ஆண்டு. அவ்வளவு நீண்ட காலம் ஒரு வண்டியைக் காத்து வைத்தவரிடம், இனி அதை ஓட்டாதே என்றும் சொல்கிறது.

எனவே 2024-ல் ஹெரால்டை வழக்கமான வழியில் புதுப்பித்தேன். ஊர் வழக்கில் சொன்னால் எஃப்.சி. காட்டினேன். காலையில் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். விளக்கு, ஹாரன், வைப்பர், கைபிரேக் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தானே உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினார். சிறிய இடத்தில் அந்தக் கார் வளைந்து திரும்பும் விதத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டு இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். எஞ்சின் எண்ணையும் 1983-ன் சிவப்பு மைப் பதிவையும் ஒப்பிட்டார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. 5,000 ரூபாயும் பசுமை வரியும் கட்டினேன். பத்து நாளில் சான்று வந்துவிட்டது. 2029-ல் மறுபடியும் போகும்போது 10,000 கட்ட வேண்டியிருக்கும். அப்போதும் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

பிறருக்கு நான் சொல்லக்கூடியது இது. வண்டி அசலாக இருந்து, ஓட்டும் தேவை இல்லாமல், காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும் எடுப்பதாக இருந்தால், குறிப்பாக அது இறக்குமதிக் காராக இருந்தால், விண்டேஜ் பதிவு மிக நல்ல சேவை; தயங்காமல் போகலாம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி எப்படிப்பட்ட வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது உடனே விளங்கும். இந்தியாவில் தயாரான ஸ்கூட்டரோ பைக்கோ என்றால், பணத்தைப் பொருட்படுத்தாத காரணம் ஒன்று உங்களிடம் இருந்தாலன்றி, வழக்கமான புதுப்பிப்பே போதும். குடும்பத்தோடு ஓட்டும் காருக்கு விண்டேஜ் பதிவு வேண்டவே வேண்டாம். மூன்று சக்கர வாகனங்கள் இந்த வகையில் வரவே வராது என்பதால், பழைய ஆட்டோ வைத்திருப்பவர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் சில வேலைகளை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. பழைய காகித ஆர்.சி. கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் அதை ஏற்றவே தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். வண்டி இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றைக் கொண்டு பெயர் மாற்றத்தை முதலில் செய்துவிட வேண்டும். நான் இதை ஆறு மாதம் முன்பே முடித்திருந்ததால்தான் ஸ்கூட்டரின் கோப்பு அந்த இடத்தில் நிற்கவில்லை. சேஸிஸ் எண்ணுக்கு மேல் பெயின்ட் அடித்திருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். தேய்த்த அடையாளம் தெரிந்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். எஞ்சினோ பாடியோ எப்போது மாறியிருந்தாலும், அது பதிவான ஆர்.சி. பக்கத்தின் நகலை முன்னால் வைத்துக் கொடுங்கள், மறைக்க வேண்டாம். ஆய்வு நாளன்று வண்டியை அறிந்த மெக்கானிக்கையும் கூட அழைத்துப் போங்கள். எங்கள் ஸ்கூட்டரின் எஞ்சினை முப்பது ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டியவர் அன்று அங்கே இருந்ததால்தான் ரீபோர் பற்றிய கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது. என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.